பொட்டி மேல தப்பு இல்லங்க

வானொலிப் பெட்டி வைத்திருப்பவர்கள் தபால் ஆபீஸில் உரிமம் வாங்க வேண்டும் என்றிருந்த காலத்தில், அந்த உரிமத்துக்கு முக்கியமாக இரண்டு நிபந்தனைகள் உண்டு. பெட்டி, உரிமத்தில் எழுதிய விலாசத்தில் இருக்க வேண்டும். அதை ஒலிபரப்பைக் கேட்பதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். முதல் நிபந்தனையை எல்லோரும் மீறினார்கள். தோளில் மாட்டிக்கொண்டு போவதற்கென்றே தோல்வார் வைத்துச் செய்த பெட்டியை ஒரே விலாசத்தில் வைத்திரு என்று எழுதியவர் அந்தப் பெட்டியைப் பார்த்திருக்கவே மாட்டார். இரண்டாவது நிபந்தனையை எப்படி மீறுவது என்பது எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. ரேடியோவைக் கேட்காமல் வேறு என்னதான் செய்ய முடியும்?

செய்ய முடியும் என்பதை அரியலூர் கடைவீதியில் ரேடியோக் கடை வைத்திருந்த ஒரு மனிதர் மூலம் தெரிந்துகொண்டேன். அதைத் தெரிந்துகொண்டதில் என்னைவிட அவருக்குத்தான் வருத்தம் அதிகம்.

நான் அப்போது அரியலூர் தபால் ஆபீஸில் உரிமக் கவுண்டரில் இருந்தேன். குடியிருந்தது பெரம்பலூரில். தினமும் பஸ்ஸில் வந்து போவேன். காலையில் கவுண்டரைத் திறக்கும்போது அநேகமாக அவர் நின்றுகொண்டிருப்பார். பக்கத்தில், புதிதாக ரேடியோ வாங்கிய யாராவது ஒருவர், கல்யாணத்துக்குக் கையெழுத்துப் போட வந்தவர் மாதிரி வெட்கத்தோடு நிற்பார். மற்ற கடைக்காரர்கள் பெட்டியை விற்றுவிட்டு, போய் லைசென்ஸ் எடுத்துக்குங்க என்று சொல்வதோடு சரி. இவர் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, உரிமப் புத்தகம் கைக்கு வந்த பிறகுதான் பெட்டியைத் தோளில் மாட்டிவிடுவார்.

அவருடைய சொந்தத் தோளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல வருஷம் பெட்டி தொங்கியதில் வலது தோள் சற்று இறங்கிவிட்டது. பெட்டி இல்லாதபோதும் அந்தப் பக்கமே தலையைச் சாய்த்து, தூரத்திலிருந்து வரும் எதையோ காது கொடுத்துக் கேட்பவர் போல நிற்பார். மணியார்டர் அனுப்ப வந்த ஒரு அம்மாள் அவரையே பார்த்துவிட்டு, உள்ளே யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று என்னிடம் கேட்டார்.

யாரைப் பார்த்தாலும் நலம் விசாரிக்க மாட்டார். எடுக்குதா என்று கேட்பார். ரேடியோவில் ஸ்டேஷன் எடுக்கிறதா என்று அர்த்தம். ரேடியோ இல்லாதவர்களையும் அப்படித்தான் கேட்பார். கேட்கப்பட்டவர்களும், ஏதோ ஆகிறது என்ற பொருளில், எடுக்குதுங்க என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அவரோடு என் முதல் தகராறு விலாசக் கட்டத்தில் வந்தது. ஆண்டிமடத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முந்திரி விவசாயியைக் கூட்டி வந்திருந்தார். விலாசம் என்ற இடத்தில் மாட்டுக் கொட்டகை, கிழக்கு ஓரம் என்று எழுதச் சொன்னார்.

"விலாசம்னா தெரு, ஊரு, தபால் ஆபீஸ். மாட்டுக் கொட்டகைக்கு உரிமம் குடுக்கற பழக்கம் இல்ல" என்றேன்.

"வூட்டுக்குள்ள எடுக்கலியே சார். நேத்தே போயிப் பாத்துட்டேன். கொட்டகையிலதான் எடுக்குது. பொட்டி இருக்கற எடத்தத்தானே எழுதணும்?"

விதிப்படி அவர் சொன்னது சரி. எனக்கு அதனால்தான் கோபம் வந்தது. ஊர்ப் பெயரை மட்டும் எழுதி முத்திரை குத்தி அனுப்பினேன்.

விற்றவுடன் வேலை முடிந்தது என்று அவர் நினைக்கமாட்டார். வாங்கியவர் எந்தக் குக்கிராமத்தில் இருந்தாலும் பஸ் பிடித்துப் போய்விடுவார். பெட்டியைத் தோளில் மாட்டி, ஏரியலை இழுத்துவிட்டு, வீட்டை வலமாக ஒரு சுற்று வருவார். அறை அறையாக நுழைவார். அடுப்படி, அம்மி, அரிசிப் பானை எதையும் விட மாட்டார். சத்தம் எங்கே தெளிகிறதோ அங்கே காலால் ஒரு கோடு கிழித்து, இங்க வைங்க என்பார். கரகரத்தால் பெட்டியைப் பார்க்கவே மாட்டார். வீட்டைத்தான் பார்ப்பார், குறை சொல்லும் மாமியாரின் கண்ணோடு.

"பொட்டி மேல தப்பு இல்லங்க. வூடு தடுக்குது."

இந்த வாக்கியத்தை அவர் சொல்லி நான் கேட்ட தடவைகளுக்கு அளவில்லை. தகர ஓடு தடுக்கும். பித்தளை அண்டா தடுக்கும். நெல் கொட்டி வைக்கும் இரும்பு டிரம் தடுக்கும். இதிலெல்லாம் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அவர் அதோடு நிற்க மாட்டார். பசு மாடு பரவாயில்லை, எருமை தடுக்கும் என்பார். ஈரத் துணி காயப்போட்ட கொடி கொழும்பு ஸ்டேஷனை மறிக்கும் என்பார். ஒரு வீட்டில் கட்டிலில் படுத்திருந்த பெரியவரைக் கட்டிலோடு வாசலுக்கு மாற்றச் சொன்னதாகவும், அதன் பிறகு பாட்டு கணீரென்று வந்ததாகவும் அவரே என்னிடம் சொன்னார். எருமையை அவிழ்த்துக் கட்டுகிற சந்தடியில் அவர் ஏரியலை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டிருப்பார் என்பது என் அபிப்பிராயம். அதை அவரிடம் சொன்னபோது, எருமையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் சார் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

நானும் ஒரு பெட்டி வாங்கினேன். மூன்று பேண்ட் உள்ளது. கவுண்டரில் இருப்பவனிடம் பெட்டி இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று அவர் சொல்லிச் சொல்லி, என்னையே எனக்கு உரிமம் எழுத வைத்துவிட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூருக்கு வந்து இறங்கினார். வீட்டைச் சுற்றி வந்து, கூடத்தில் இருந்த இரும்பு பீரோ முன்னால் நின்றார்.

"சார், ஒங்க பீரோ சிலோனை மறிக்குது."

"பீரோ பத்து வருஷமா அங்கதான் இருக்கு."

"அதான் பத்து வருஷமா நீங்க சிலோன் கேக்கல."

பத்து வருஷமாக என்னிடம் ரேடியோவே இல்லை என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பீரோ தென்கிழக்கு மூலைக்குப் போயிற்று. என் மனைவிக்கு அந்த மாற்றம் பிடித்திருந்தது. அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு உத்தரவு வந்தது. சீனியாரிட்டிப் பட்டியலில் எனக்கு முன்னால் இருந்தவர் ஓய்வு பெற்றார், நான் மேலே போனேன்; கவுண்டர் மாறவில்லை, சம்பளம்தான் மாறியது. பட்டியலைக் கொண்டுவந்து காட்டியும் என் மனைவி நம்பவில்லை. பீரோதான் என்றாள். இப்போதும் அப்படித்தான் சொல்கிறாள். அப்போது தன் அக்காவிடம் சொன்னாள். அக்கா இருந்தது ஜெயங்கொண்டத்தில்.

ஜெயங்கொண்டத்தில் ஒரு கமிஷன் மண்டிக்காரர் வீட்டுக்கு நம் கடைக்காரர் ஏற்கெனவே ரேடியோ விற்றிருந்தார். அங்கே கூடத்து மூலையில் இருந்த நெல் டிரம்மைப் பின்கட்டுக்குத் தள்ளச் சொல்லியிருந்தார். அந்த வீட்டுப் பெண்ணுக்கு வருஷக்கணக்கில் வரன் தட்டிப்போய்க்கொண்டிருந்தது. டிரம் நகர்ந்த கையோடு தட்டு மாற்றிக்கொண்டார்கள். என் மனைவியின் பீரோவும் மண்டிக்காரர் வீட்டு டிரம்மும் ஜெயங்கொண்டத்தில் சந்தித்துக்கொண்டன. அதற்குப் பிறகு அந்தக் கடைக்காரரை யாராலும் காப்பாற்ற முடியவில்லை.

ஊர் ஊராக ஆள் வந்தது. புது வீட்டுக்கு எந்தப் பக்கம் வாசல் வைக்கலாம், அடுப்படி எங்கே, மாட்டுக் கொட்டகை எங்கே, வந்து பாருங்க என்று. நான் ரேடியோ விக்கறவன் என்று அவர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். அவர்கள், தெரியுங்க, அந்தப் பொட்டியோட வாங்க என்றார்கள். மனையடி சாஸ்திரம் பார்ப்பவர்கள் ஓலையும் முழக்கயிறும் கொண்டுவருவார்கள். இவர் வெளிநாட்டோடு பேசுகிற பெட்டியே வைத்திருக்கிறார். எது நம்பகமானது என்று அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

தொல்லை தாங்காமல் அவர் தனக்குத்தானே ஒரு விதி போட்டுக்கொண்டார். ரேடியோ வாங்கினவர்கள் வீட்டுக்கு மட்டுமே போவது. இதோடு கூட்டம் ஓய்ந்துவிடும் என்று நினைத்தார். எந்த விதியும் அதைப் போட்டவர் நினைத்தபடி நடப்பதில்லை என்பது என் சர்வீஸில் நான் கண்டது. ஜனங்கள் ரேடியோ வாங்க ஆரம்பித்தார்கள்.

அது வாங்குகிற காலம் அல்ல என்பதுதான் வேடிக்கை. வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் டேப்பும் ரேடியோவும் சேர்ந்த பெரிய பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். கடைவீதியில் மற்ற ரேடியோக் கடைகளெல்லாம் கேசட் பதிந்து கொடுக்கும் கடைகளாக மாறிவிட்டன. பெரம்பலூரில் மொட்டை மாடிகளில் டி.வி. ஆன்டெனா முளைத்துவிட்டது. தோளில் மாட்டும் சிற்றலைப் பெட்டியை யாரும் விலைகூடக் கேட்பதில்லை. ஆனால் அரியலூர் ரயில்வே பார்சல் ஆபீஸில் இவர் பெயருக்கு மட்டும் அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தன.

கம்பெனிக்கு இது புரியவில்லை. மெட்ராஸிலிருந்து ஒரு விற்பனை அதிகாரியை அனுப்பிவைத்தார்கள். கழுத்துப் பட்டை கட்டி வந்தவர், இவர் எப்படி விற்கிறார் என்று பார்க்க ஒரு கிராமத்துக்குக் கூடவே போனார். இவர் பெட்டியோடு வீட்டை வலம் வந்ததையும், பின்னாலேயே குடும்பம் முழுவதும் கைகட்டி வலம் வந்ததையும் பார்த்தார். திரும்பியதும் கடையில் உட்கார்ந்து, இந்த முறையை மற்ற ஊர் டீலர்களுக்கும் வந்து சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நான் சிகரெட்டுக்கோ டீக்கோ அங்கே போனவன், பக்கத்து ஸ்டூலில் இருந்தேன்.

"அவங்க யாரும் கேக்கறதுக்கு வாங்கல சார்" என்றார் இவர்.

"அதனால என்ன? வாங்கறாங்களே" என்றார் அதிகாரி.

இவர் தலை இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

அதற்குச் சில நாள் முன்னால்தான் அவர் ஜெயங்கொண்டத்து மண்டிக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தார். வழக்கம்போல, எடுக்குதா என்று கேட்டுக்கொண்டே நுழைந்திருக்கிறார். எதுங்க என்று கேட்டாராம் அந்த வீட்டு அம்மாள். பெட்டி சாமி மாடத்தில் இருந்தது. ஸ்டேஷன் காட்டும் கண்ணாடியில் சந்தனம், குங்குமம். ஏரியலில் ஒரு முழம் கதம்பம். பின்பக்க மூடியைத் திறந்தால் உள்ளே செல் இல்லை. டார்ச் லைட்டுக்கு எடுத்துப் போட்டுவிட்டதாகவும், பெட்டிதான் வீட்டைப் பார்த்து முடித்துவிட்டதே, இனிமேல் அதற்கு எதற்கு என்றும் அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். மரியாதையோடுதான் சொல்லியிருக்கிறார், மோர் கொடுத்து.

அன்றைக்கு நேராக என் கவுண்டருக்கு வந்தார். வரிசையில் ஆள் இருந்தது. அதைப் பார்க்காமல் கம்பிக்குள் முகத்தை நுழைத்தார்.

"பொட்டியை சாமியாக்கிட்டாங்க சார். சாமியாக்கிட்டா அப்பறம் யாரு அது பேச்சைக் கேக்கறா?"

உரிமத்தின் இரண்டாவது நிபந்தனை எனக்குப் புரிந்தது அந்த நேரத்தில்தான். கண்டிப்பாகப் பார்த்தால் ஜில்லாவில் பாதிப் பெட்டிகளைப் பறிமுதல் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. சாமி மாடத்தில் இருப்பதைப் பறிமுதல் செய்வதற்கு எங்களிடம் படிவம் இல்லை.

பிறகு அரசாங்கமே வானொலி உரிமம் வேண்டாம் என்று எடுத்துவிட்டது. என் கவுண்டரில் மர ஸ்டூலும் மைப் பெட்டியும்தான் மிச்சம். என்னைச் சேமிப்பு வங்கிப் பக்கம் மாற்றினார்கள். அவர் அப்போதும் காலையில் வந்து, உரிமக் கவுண்டர் இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் கடை திறக்கப் போவார்.

அந்த வருஷம் ஐப்பசியில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. தோளில் மாட்டும் அந்தப் பெட்டியைச் செய்வதை நிறுத்தப்போகிறார்கள். கடைசி ஆர்டர் ஏதாவது இருந்தால் பொங்கலுக்குள் எழுதவும். கடிதத்தை அவருக்கு முன்னால் படித்தவன் அவருடைய மச்சினன். அவரோடு கடையிலேயே உட்கார்ந்திருந்து, அவரைவிட நன்றாக வியாபாரம் கற்றவன். ரேடியோவை விட்டுவிட்டு, வீடு பார்ப்பதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்றான். யாரையும் கேட்காமல் பெயின்டரிடம் ஒரு போர்டும் எழுதச் சொல்லிவிட்டான். மனை, கிணறு, மாட்டுக் கொட்டகை விஞ்ஞான முறையில் பார்க்கப்படும் என்று. மூலையில் ஒரு ரேடியோப் படமும் உண்டு. போர்டு கடைக்குள் சுவரைப் பார்த்தபடி காய்ந்துகொண்டிருந்தது.

"போகியன்னிக்குப் பழைய போர்டை எறக்கிப் போட்டுக் கொளுத்திட்டு, பொங்கலுக்குப் புதுசை மாட்டிருவோம் மாமா. நாளும் நல்லாருக்கு" என்றான்.

அவர் என்னிடம் வந்து கேட்டது ஒன்றுதான்.

"ஒரே ஒருத்தர் கேக்கறாங்கன்னு தெரிஞ்சாப் போதும் சார். ஒருத்தர் இருந்தாலும் நான் ரேடியோக் கடைக்காரன். இல்லேன்னா அவன் சொல்றதுதான் சரி. இதை எப்பிடிக் கண்டுபிடிக்கறது?"

இதற்கு வழி இருந்தது. பதில் அட்டை. இரண்டு தபால் கார்டுகள் ஒட்டிப் பிறந்தது மாதிரி சேர்ந்திருக்கும். ஒரு பாதியில் நாம் கேள்வி எழுதி அனுப்ப வேண்டும். வாங்குபவர் அதைக் கிழித்து வைத்துக்கொண்டு, மற்ற பாதியில் பதில் எழுதித் தபாலில் போட வேண்டும். இரண்டு பாதிக்கும் நாமே முதலில் காசு கட்டிவிடுவதால் பதில் எழுதாதவருக்குச் சாக்கு கிடையாது. இவ்வளவு நியாயமான ஏற்பாட்டை யாரும் பயன்படுத்தியதில்லை. ஆபீஸில் தூசி படிந்து கிடந்த கட்டை எடுத்துக் கொடுத்தேன். பெட்டி வாங்கினவர்கள் பெயருக்கெல்லாம் விலாசம் எழுதி, அவர் எல்லா அட்டையிலும் ஒரே ஒரு வரி எழுதினார். ரேடியோ எடுக்குதா? கொஞ்சம் விவரமாகக் கேளுங்கள் என்றேன். கேக்கறவங்களுக்கு இது போதும் சார் என்றார். கார்த்திகையில் எல்லாம் போய்ச் சேர்ந்தன.

மார்கழியில் பதில் வர ஆரம்பித்தது. முதல் பதிலை அனுப்பியவர் பாதி மாற்றிக் கிழித்துவிட்டார். ரேடியோ எடுக்குதா என்று கடைக்காரரின் கேள்வியே கடைக்காரரிடம் திரும்பி வந்தது. அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, நமக்கு எடுக்குது சார் என்று என்னிடம் பதில் சொன்னார். இன்னொருவர், கிழக்கு வாசலை அடைத்துவிட்டோம், தோஷம் உண்டா என்று கேட்டிருந்தார். ஒருவர் பேரன் பிறந்த செய்தியை எழுதி, பெட்டி மாடத்தில் சௌக்கியமாக இருப்பதாக முடித்திருந்தார். ஒரு குடும்பம், தை பிறந்ததும் புது மனையில் வந்து ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போக வேண்டும், இன்னொரு பெட்டி வாங்க வேண்டுமா, பழையதே போதுமா என்று விசாரித்தது. ஸ்டேஷன் என்ற சொல் ஒருவர் கார்டிலும் இல்லை.

மச்சினனுக்கு ஏக சந்தோஷம். ஒவ்வொரு கார்டையும் கம்பியில் குத்தி வைத்தான். தொழில் தொடங்குவதற்கு முன்னாலேயே வாடிக்கைக்காரர்கள் எழுதிக் கேட்கிறார்கள் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினான். போர்டைத் திருப்பி, தெருப் பக்கம் பார்க்க வைத்தான்.

அவர் தினமும் காலைத் தபாலுக்கு ஆபீஸில் வந்து நிற்பார். வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்போம், நிற்க வேண்டியதில்லை, அதுதான் நடைமுறை என்று சொல்லிப் பார்த்தேன். நடைமுறை அவர் காதில் எடுக்கவில்லை. நின்றார். போகி நெருங்க நெருங்கத் தலை சாய்வதும் குறைந்துகொண்டே வந்தது. நேராக நின்ற அவரைப் பார்க்க எனக்கு வேறு யாரையோ பார்ப்பது மாதிரி இருந்தது.

கடைசியாக ஒரு கார்டு வந்தது. ஆண்டிமடம் பக்கத்திலிருந்து. ஓரத்தில் முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல் அடையாளம். முதல்முதலில் மாட்டுக் கொட்டகைக்கு உரிமம் கேட்டு இவர் என்னோடு தகராறு செய்தாரே, அந்த விவசாயியின் வீடு. எழுதியது அவர் மனைவி. தபால்காரர் கொடுத்ததைக் கடைக்காரர் ஒரு முறை மனதுக்குள் படித்தார். பிறகு கம்பியோரம் வந்து எனக்குப் படித்துக் காட்டினார்.

"ஐயா, நீங்கள் விற்ற பெட்டி சரியில்லை. மத்தியானம் கொட்டை உடைக்கும்போது நாங்கள் நாலு பேர் நாடகம் கேட்கிறோம். நல்ல கட்டத்தில் கரகர என்று போய்விடுகிறது. எருமையை அவிழ்த்துக் கட்டிப் பார்த்தேன். கொடியில் துணி போடுவதில்லை. வீட்டில் ஒரு குறையும் இல்லை. பெட்டி மேல்தான் தப்பு. சீக்கிரம் வந்து பார்க்கவும்."

படித்து முடித்ததும் அவர் கண் கலங்கியிருந்தது. பாஸ்புக்கோடு நின்ற ஒருவர், சாவுச் செய்தி என்று நினைத்து வரிசையை விட்டு ஒதுங்கி வழி விட்டார்.

"பொட்டி மேலதான் தப்பாம் சார்" என்றார் அவர்.

இத்தனை வருஷத்தில் அந்த வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. உடனே, ஆண்டிமடத்துக்கு அடுத்த பஸ் எப்போது என்று கேட்டார். சொன்னேன். செருப்பைப் போட மறந்து கிளம்பியவர், திரும்பி வந்து போட்டுக்கொண்டு போனார். தலை வலது தோள் மேல் நன்றாகச் சாய்ந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் மச்சினன் வந்தான். போர்டு மாட்ட ஆணி வாங்கிக்கொண்டு வந்தவன்.

"மாமா எங்கங்க?"

"ஆண்டிமடத்துல ஒரு வூட்டுக்கு."

"வூடு பாக்கவா?"

"இல்ல. ரேடியோ பாக்க."

அவன் என்னை நம்பாமல் கடைக்கும் ஆபீஸுக்கும் இரண்டு தடவை நடந்தான்.

ஏரியல் அடிக்கட்டையில் உப்புப் பூத்திருந்ததாம். தட்டிச் சுரண்டிச் சரி செய்து, நாடகம் முடியும் வரை அந்தப் பெண்களோடு உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் வந்தார். பொட்டி மேலதான் சார் தப்பு, அவங்க சொன்னது சரி என்று, பதக்கம் வாங்கியவர் மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். போகியன்று அவர் கடை வாசலில் எரிந்தது புது போர்டு. பழைய பொருளைத்தான் கொளுத்த வேண்டும் என்பது முறை. மச்சினன் அதை எடுத்துச் சொல்லியும் எடுபடவில்லை. கம்பெனிக்குக் கடைசி ஆர்டர் எழுதி அன்றைக்கே எங்கள் ஆபீஸில் பதிவுத் தபாலில் சேர்த்தார்.

அந்தப் பதில் அட்டையைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டியிருந்தார். புகார்க் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டிய வேறு கடையை நான் பார்த்ததில்லை. எழுத்து மங்கிய பிறகும் எங்கள் ஆபீஸ் முத்திரை அதில் தெரிந்தது. மை அதிகமாகி வருஷம் ஒழுகிப் போயிருந்தது. நாள் மட்டும் தெளிவாக விழுந்திருந்தது: ஜனவரி பன்னிரண்டு, போகிக்கு முந்தின நாள்.